நடுவில் வெளுத்த இடம்

திருநெல்வேலியில் ஒருவர் அறுபத்திரண்டு வயதில் மாணவரானார். பெயர் மாசிலாமணி. முப்பத்தைந்து வருடம் கத்தி பிடித்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். ஒருநாள் காலை வலது கை லேசாக நடுங்கியது. அன்றைக்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்தார். வைத்தாரே தவிர மனசு ஆறவில்லை. இப்போதும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காருவதற்குள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்.

அவருக்குக் குரு டாக்டர் பியூலா. வயது முப்பத்தொன்பது. மாசிலாமணி வெட்டி அனுப்பிய சதையையெல்லாம் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லி வந்தவர்.

"வெட்டினது நான், பார்த்தது நீங்க. பார்க்கவும் கத்துக்கொடுங்க மேடம்" என்று வந்து நின்றார்.

மூன்று மாதமாக ஒரு புரதத்தின் மேல் அவருக்குப் பித்து. செல்லைச் சாகவிடாமல் தடுக்கிற புரதம் அது. சாயம் போட்டால் அது இருக்கிற இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். தோலில் அடி வரிசையில் மட்டும் பழுப்பு. மேலே இருப்பவை உதிரப் போகிறவை, அவற்றுக்குக் கிடையாது. குடல் சுவரில் உள்ள சின்னச் சின்னப் பள்ளங்களின் அடியில், புதுச் செல்கள் பிறக்கிற இடத்தில் உண்டு. நரம்புச் செல்களில் உண்டு.

"அடேயப்பா, உடம்பு யாருக்குக் காவல் போடணும்னு தெரிஞ்சு போட்டிருக்கே!" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வார். பியூலா சிரிப்பதோடு சரி.

அன்றைக்கு வந்தது இசக்கிராஜாவின் ஸ்லைடு. மனிதர் பஸ் ஓட்டுநர். கழுத்தில் நெறிக்கட்டி. காய்ச்சலில் வீங்கியதா, புற்றுநோயா என்று முதலில் பார்த்ததில் பிரிக்க முடியவில்லை. இந்தச் சாயம்தான் சொல்ல வேண்டும். அவரும் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாசிலாமணி பார்த்தார். நெறிக்கட்டிக்குள் வட்டம் வட்டமாக முடிச்சுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்புக் கரை. நடுவில் மட்டும் வெளுப்பு. நோயோடு சண்டை போடுகிற செல்கள் பெருகுவதே அந்த நடுவில்தான். அங்கே போய்க் காவல் இல்லாமல் இருக்குமா? சாயம் உள்ளே ஏறவில்லை என்று முடிவு கட்டினார். நல்ல மனசு, உடனே வெளியே போய்ச் சொல்லியும்விட்டார்.

"இன்னும் நாலு நாள் ஆகும்ப்பா. மறுபடி சாயம் போடணும்."

இசக்கிராஜாவின் மனைவி, "இன்னைக்கே சொல்லிருவாங்கன்னு சொன்னாங்களே ஐயா" என்று அழுதுவிட்டார்.

உள்ளே வந்தார். "சாயம் சொதப்பிடுச்சு மேடம். நடுவுல பிடிக்கவே இல்ல."

பியூலா குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா சார்?"

"சுத்தமா இல்ல."

"இன்னொரு தடவை பாருங்க. அவசரமில்ல."

பார்த்தார். வெளுப்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகள். வெளியிலிருந்து வந்து போகிற வேறு வகைச் செல்கள்.

"அதுங்க மேல மட்டும் சாயம் எப்படி ஏறிச்சு சார்?"

மாசிலாமணிக்குக் காது சூடானது. சாயம் உள்ளே வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே காவல்தான் இல்லை.

"நல்ல நெறிக்கட்டியில நடுவுல இருக்காது சார். புற்றுநோயா இருந்தா சாக வேண்டியதும் சாகாம நின்னு, பெரும்பாலும் நடுவெல்லாம் பழுப்பு அடிச்சிருக்கும். மத்த ஸ்லைடெல்லாம் நேத்தே பார்த்துட்டேன், சரியா இருக்கு. இது காய்ச்சல் வீக்கம்தான்."

"நாலு நாள்னு சொல்லிட்டேனே!"

"சொன்னவர்தானே போய் மாத்திச் சொல்லணும்?"

போனார். சொன்னார். இசக்கிராஜா, "அப்ப வண்டிய எடுக்கலாமா சார்?" என்றார். அவர் மனைவி மாசிலாமணியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேள்வி போகவில்லை.

"உதிரப்போற தோலுக்குக் காவல் இல்ல, சரி. இது படையே உருவாகிற இடம் மேடம். இங்க ஏன் உடம்பு கைவிட்டுச்சு?"

"அங்க ஒவ்வொரு செல்லும் கிருமிக்குப் பொருந்துற மாதிரி தன்னை மாத்தி மாத்திப் பார்க்குது சார். பெரும்பாலும் கோணலாத்தான் வரும். சரியா வந்ததுக்கு மட்டும் கடைசியில காவல் கிடைக்கும்."

"மத்ததெல்லாம்?"

"போயிடும்."

"யாரும் சொல்லாமலேயா?"

"அதுவாவே."

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் மேடம். அதுங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

பியூலா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழே வேப்பமரத்தடியில் இசக்கிராஜா போனில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுமில்லய்யா, நாளைக்கு மொத டிரிப்பு நானே எடுக்கேன்!"

"அதுங்க அடம் பிடிக்காம போனதாலதான் சார்," என்றார் பியூலா, "நாளைக்கு அவர் பஸ் எடுக்கப் போறார்."