பதினேழு ஒன்றுகள்

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நபீஸா மேடம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் தெய்வானை மட்டும் போகவில்லை.

"மேடம், ஒரு கேள்வி. பாடத்துல இல்ல."

"பாடத்துல இருக்கறதையே நீ சண்டை போட்டுத்தான் கேப்ப. கேளு."

தெய்வானை சாக்பீஸை எடுத்துப் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினாள்.

"இது பகா எண் இல்ல. நேத்து கம்ப்யூட்டர்ல போட்டேன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள உடைச்சிடுச்சு. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்து இருபத்துமூணு இதை மீதியில்லாம வகுக்குது."

"சரி. கேள்வி எங்க?"

"பேச்சிகிட்ட சொல்றதா வேணாமா?"

"யார் பேச்சி?"

முத்துப்பேச்சி, கல்லூரி நாட்களில் விடுதியில் தெய்வானையின் அறைத்தோழி. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் இந்த எண் வகுபடாது என்று அடித்துச் சொன்னவள். துணி காயப்போடும் மொட்டைமாடியில், மெஸ் வரிசையில், ஈரவிரலால் சுவரில்கூட வகுத்துப் பார்ப்பாள். மூன்றால், ஏழால், பதின்மூன்றால். மீதி வந்துவிட்டால் இருவரும் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக் கொண்டாடுவார்கள். "என்னடி, ஒண்ணு ஒண்ணா விறகா அடுக்குறீங்க?" என்பார் வார்டன். "எந்தக் கோடாலிக்கும் பிளக்காத விறகு மேடம்" என்பாள் பேச்சி.

இதைச் சொல்லும்போது தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னும் வகுக்கறாளா?"

"ஆமா மேடம், அவ பிள்ளை தூங்குற நேரம் பார்த்து. போன வாரம் போன்ல, 'அம்பதாயிரம் தாண்டிட்டேன்டி, அசைய மாட்டேங்குது'ன்னா. அப்படியே அந்த மொட்டைமாடிக் குரல், மேடம்."

"சொன்னா என்ன ஆகும்?"

"அவகிட்ட மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கணுமா? ரெண்டாம் வருஷப் பரீட்சைக்கு முன்னாடி அவங்கப்பா வந்து நின்னார். பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு போதும்னார். புருஷன் வீட்ல, பால் கணக்கு பார்க்கத் தெரிஞ்சா போதும்னாங்க. ஒருத்தராவது அவளைக் கேட்டாங்களா? எனக்கு இன்னும் ஆறல."

"ஆறவும் வேண்டாம்."

"அப்ப, உண்மை உண்மைன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க. நான் வாயே திறக்கப் போறதில்ல. அது பகா எண்ணுன்னே நம்பிட்டு இருக்கட்டும். அவளுக்கு அந்தச் சந்தோஷம் போதும்."

மேடம் டஸ்டரை மேசைமேல் வைத்தார்.

"அவளுக்கு எது போதும்னு முடிவு பண்ணினவங்கள்ல, நீ எத்தனாவது ஆள், தெய்வானை?"