ஒண்ணுமில்ல சார்

மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் ஓரத்தில் ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. கடலுக்குப் போகும் படகுகள் அங்கேதான் ஐஸ் ஏற்றிக்கொள்ளும். தண்ணீரை உறையவைக்கும் அமோனியா குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள். முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால் கத்த ஒரு மணி. இரண்டையும் பார்த்துக்கொள்ள பாக்கியநாதன் என்ற ஆபரேட்டர்.

புதிதாக வந்த மேனேஜர் டெனிஸ் கொரைரா கெட்டவர் அல்ல. கம்பெனி ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை முள் நடுங்கியது. "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, பாரு" என்றது. மணி கத்தியது. பாக்கியநாதன் மெஷினை நிறுத்திவிட்டு, எங்கே கசிகிறது என்று குழாய் குழாயாகத் தேடினார். டெனிஸ் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"முள் ஆடுது சார். எங்கயோ கசியுதுன்னு..."

"வெளிய நாப்பது படகு நிக்குது. உங்களுக்கு முள் ஆடுறதுதான் பெருசா?"

எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். கசிவு கண்ணில் படவில்லை. அன்று மாலை வாசல் கரும்பலகையில் டெனிஸ் எழுதினார்: 'இன்று வேலை நின்றதற்குக் காரணம் பாக்கியநாதன்.'

முள்ளின் முகம் அந்தப் பலகையைப் பார்த்தபடி இருந்தது. அது அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தது.

மறுநாள் மறுபடியும் அதற்கு நடுக்கம் வந்தது. "கத்தட்டுமா?" என்று மணி ரகசியமாகக் கேட்டது.

"சொன்ன ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?" என்ற முள், பச்சைக் கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. மணி தன் நாக்கை விழுங்கியது. கொஞ்ச நாளில் கதவு கிறீச்சிடுவதை நிறுத்தியது. பம்ப் தன் இருமலை அடக்கிக்கொண்டது.

டெனிஸ் தினமும் சுற்றி வந்து கேட்பார்: "ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல சார்."

ஆட்களும் அதையே சொன்னார்கள், இரும்பும் அதையே சொன்னது. போகப்போக எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிட்டது. சொன்னது மனிதனா மெஷினா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. டெனிஸுக்கு அது பிடித்திருந்தது. அந்த மாதம் கம்பெனி ஒருமுறைகூட நிற்கவில்லை.

அமோனியாவின் நெடிக்கு மட்டும் எதையும் மறைக்கத் தெரியாது. ஒரு நண்பகலில் அது கதவிடுக்கு வழியாக மேனேஜர் அறைக்குள் நுழைந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நான் வெளிய வந்துட்டேன்" என்றது.

டெனிஸ் எழுந்து ஓடினார். முள் பச்சையில் கிடந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. ஐஸ் கட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெபக்கனியின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்." கண்ணைக்கூடத் துடைக்காமல் அந்தப் பெண் அடுத்த கட்டியைத் தள்ளினாள்.

டெனிஸ் பாக்கியநாதன் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "ஒண்ணுமில்ல சார்."

வாசலில் படகுக்காரர் மச்சாது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்ன தம்பி இது? எல்லாரும் அழுதுகிட்டே வேல பாக்குறாங்க?"

டெனிஸின் வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணுமில்ல..."

அதே குரல். அவர் கூப்பிடாமலே அவருக்குள்ளிருந்து வந்தது. முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

பாய்ந்து போய் மெஷினை நிறுத்தினார். "எல்லாரும் வெளிய போங்க!"

ஒருவரும் நகரவில்லை. கண்ணீரோடு கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் நிறுத்துனேன்! எம் பேரை எழுதிக்கோங்க! போங்க!"

அதன் பிறகுதான் கால்கள் ஓடின.

பாக்கியநாதன் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை அடைத்தார். உறைக்குள் மறைந்திருந்த குழாய் இணைப்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஜெபக்கனி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

மறுநாள் டெனிஸ் பலகையைக் கழற்றிவிட்டு எல்லோரையும் கூட்டினார். "இனிமே எதுன்னாலும் சொல்லுங்க. யாரையும் திட்ட மாட்டேன்."

"சரி சார்" என்றார்கள், ஒரே குரலில்.

மூன்று நாள் ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு மெஷினிடமும் கேட்டுப் பார்த்தார். ஒண்ணுமில்ல சார். ஒண்ணுமில்ல சார். இன்னும் எங்கே என்ன விரிந்துகொண்டிருக்கிறதோ என்று அவருக்குத் தெரியவில்லை. பயத்தை உள்ளே விட்டது அவர்தான். போ என்று சொன்னதும் போய்விடுகிற ஆளாக அது இல்லை.

நான்காம் நாள் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாக்கியநாதன் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாளும் அப்படியே.

ஆறாம் நாள், பாக்கியநாதன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "சார், ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்தக் கசிவு எனக்கு முன்னமே தெரியும். ஜெபக்கனி கண்ணுல தண்ணி வர்றப்பல்லாம் நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். உங்களுக்குப் பயந்துதான் சார்."

டெனிஸின் முகம் சிவந்தது. கடுமையான வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. பம்பின் சத்தம் தாழ்ந்தது. மணி லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தன.

அவர் அந்த வார்த்தையை விழுங்கினார். கையை நீட்டி, தானே மெஷினை நிறுத்தினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது இன்னும் என்னென்ன, அண்ணாச்சி?"

பாக்கியநாதன் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.