கொடிமரத்தின் நிழல்

மணற்பாடி அரசவையில் கணிதர் பதவி எங்கள் குடும்பத்துக்கு உரியது. கணக்கு அப்பாவோடு போய்விட்டது. பதவி மட்டும் எனக்கு வந்தது. சபையில் தூணோரம் சாய்ந்து கண்மூடியிருப்பேன். ஆழ்ந்து யோசிக்கிறேன் என்று சிலர் நம்பினார்கள். சோதிடர் விருபாட்சர் நம்பவில்லை. அந்த இடத்தில் தன் மருமகனை உட்காரவைக்க அவருக்கு ஆசை.

சித்திரையில் கோயிலுக்குப் புதிய கொடிமரம் நாட்டினார்கள். விருபாட்சர் சபையில் எழுந்தார்.

"அரசே, மரத்தில் ஏறாமல், நிழலைக் கொண்டே அதன் உயரத்தைச் சொல்வது கணிதருக்கு எளிது. நாளை உச்சிவேளை முரசு ஒலிக்கும்போது நம் கணிதர் திருமேனி சொல்லட்டும். தவறினால் பதவி விலகட்டும்."

"என்ன திருமேனி, சம்மதமா?" என்றார் அரசர்.

திடுக்கிட்டு விழித்தேன். "உத்தரவு, அரசே."

எதற்குச் சம்மதித்தேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் பிறகுதான் கேட்டேன். "நாளை உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேலே. நிழலே விழாதய்யா!" என்றார் அவர்.

மறுநாள் ஊரே கூடிவிட்டது. முரசு ஒலித்தது. கொடிமரத்தடியில் பொட்டு நிழலும் இல்லை.

"நிழலைத் தேடுகிறீரா, கணிதரே?" விருபாட்சர் சிரித்தார். "அரசே, காலையிலிருந்து இவர் இந்த மணலில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார். சாமிகூட இரங்கவில்லை."

நான் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து நீட்டினேன். "இதுதான் உயரம், அரசே. எண்ணாகச் சொல்லத் துணிவில்லை. எண்ணில்தான் நான் வழக்கமாகத் தவறுவேன்."

மரத்தை நாட்டிய ஸ்தபதி, அதன் உச்சியிலிருந்து தொங்கவிட்டு அளந்த தன் கயிற்றை எடுத்து வந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். சரியாக இருந்தது.

"எப்படி?" என்றார் அரசர்.

"உச்சிவேளையில் சொல்லத்தானே உத்தரவு? அளந்தது காலையில். என் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்தேன். காலடியிலிருந்து கல்வரை படுத்துப் பார்த்தேன். நிழல் என்னைவிட நீளம். வெயில் ஏற ஏற, மறுபடி கல், மறுபடி படுக்கை. ஒரு சமயம் தலை கல்லில் இடித்தது. என் நிழல் என் உயரத்துக்குச் சமமானால், கொடிமரத்தின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமம். ஓடிப்போய் அந்த நிழலைக் கயிற்றால் அளந்தேன்."

"உம் உயரம் உமக்கே தெரியாதா?" என்று கத்தினார் விருபாட்சர். "படுத்துத்தான் பார்க்க வேண்டுமா?"

"அரண்மனைத் தையற்காரர் என் சுற்றளவைப் பற்றி மட்டுமே பேசுகிறார், ஐயா."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வேண்டும், கேளும்!"

"நான் படுத்தால் சபையில் அதைத் தூக்கம் என்கிறார்கள், அரசே. இனி அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்துவிடுங்கள்."

அந்த உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் நிறையக் கணக்குப் போடுகிறேன். குறட்டை வரும் அளவுக்கு.