முதல் குத்து

"சாமியம்மா, அந்த நர்ஸம்மாவை நீங்கதான் அடக்கி வைக்கணும்."

வந்ததும் வராததுமாக முறையிட்டார் சொரிமுத்து. கையில் வெற்றிலைத் தாம்பாளம் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

சாமியம்மா மலையடிவாரத்து மடத்தில் இருப்பவர். வயது முப்பத்தைந்து. மாவு மில் வைத்திருக்கும் சொரிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு. வெள்ளிதோறும் வந்து இவரிடம் பாடம் கேட்பார். இவரோ அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அதில் இருவருக்கும் குழப்பமில்லை, ஊருக்குத்தான்.

"நர்ஸம்மா என்ன செஞ்சாக?" கீரை ஆய்ந்தபடியே கேட்டார் சாமியம்மா.

"பக்கத்துத் தெருவுல ரெண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மையாம். கண்ணைத் தொறக்க முடியாமக் கிடக்குதுக. நம்ம நிறைமதிக்கும் ஒன்பது மாசம் ஆயிட்டாம். வாற புதன்கிழமை அங்கன்வாடியில ஊசி போட்டே ஆகணும்னு வாசல்ல வந்து நிக்காக. கோமதியும் அவுக பக்கம் சாஞ்சுட்டா."

"நான் என்ன சொல்லணும்?"

"ஊசி வேண்டாம்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாக."

"ஏன் வேண்டாம்?"

"கை வீங்கும். காய்ச்சல் வரும். வீறிட்டு அழுவா. அது போக, போன்ல என்னென்னவோ வருது."

சொரிமுத்துவும் மனைவி கோமதியும் பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அது தும்மினால் மில்லை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடுகிற அப்பா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை கூட்டை விட்டு நகர்வதே இல்லை.

"சரி, தாம்பாளத்துல என்ன?"

சொரிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"பத்திரிகை! நிறைமதிக்குக் காதுகுத்து. அதே புதன்கிழமை, சாஸ்தா கோயில்ல. மேளம் சொல்லியாச்சு. பந்தியில முந்நூறு இலை. நீங்க அவசியம் வரணும்."

சாமியம்மா பத்திரிகையை எடுத்து ஒரு வரி விடாமல் வாசித்தார். திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்தார். தாம்பாளத்தைச் சொரிமுத்து பக்கம் தள்ளினார்.

"குத்தாதீய."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சாமியம்மா, நல்ல காரியம்லா!"

"காது வீங்குமே."

"ரெண்டு நாள். மஞ்சளும் எண்ணெயும் வச்சா வத்திரும்."

"வீறிட்டு அழுவாளே."

"அழட்டுமே! மாமன் மடியில இருப்பா, நான் பக்கத்துல நிப்பேன். அழாமக் காது குத்திக்கிட்டவுக உண்டா?"

"ஆசாரி கை பிசகினா?"

"அவரு கையா? ஊர்க் காது பூராவும் அவரு குத்துனதுல்லா!"

"எல்லாக் காதும் நல்லபடியா ஆறிச்சா?"

சொரிமுத்து யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"எங்க மதினிக்கு மட்டும் ஒரு காது சீழ் பிடிச்சுது. பத்து நாள் பாடுபட்டாக."

"பெறவும் எப்படித் துணியுதீய?"

இப்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. குருவாவது, சிஷ்யனாவது!

"ஒரு காது சீழ் பிடிச்சுதுன்னு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மூளிக் காதா விட்டுருவாகளா?"

மடமே அதிரக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.



சாமியம்மா கீரைக்குத் திரும்பினார். ஒரு கட்டு முழுவதும் ஆய்ந்து முடித்தார்.

"ஆனாலும் பயமா இருக்கு, சாமியம்மா." குரல் இறங்கிவிட்டது.

"எதுக்கு? ஊசிக்கா, அம்மைக்கா?"

"ஊசிக்குத்தான். அம்மையை நான் எங்க கண்டேன்?"

"பக்கத்துத் தெருதானே, அண்ணாச்சி."

பக்கத்துத் தெருவுக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான் என்பது சொரிமுத்துவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பயம் போகலையே, என்ன செய்ய?"

"அது ஏன் போகணும்? அதையும் கூட்டிட்டு வாங்க. முந்நூறு இலை போடுதீய, அதுக்கு ஒண்ணு சேத்துப் போடுங்க."

புதன்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பிய மேளம், வழியில் அங்கன்வாடிப் பக்கம் திரும்பியது. பின்னால் மாமன் சீர், அதன் பின்னால் சொந்தபந்தம், கடைசியில் சாமியம்மா.

நர்ஸம்மா எஸ்தர் பதறிப்போய் வாசலுக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆளைத் திரட்டிட்டுச் சண்டைக்கா வந்துருக்கீய?"

"சண்டை இல்ல தாயி. முதல் குத்து உங்களது. பெறவுதான் ஆசாரி."

சொரிமுத்து வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்.

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இருபது வருஷமா ஊசி போடுதேன். ஏச்சு வாங்கிருக்கேன், வெத்திலை வாங்குனதில்ல."

கோமதியின் தம்பி வேலாண்டி பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மருமகளை மடியில் வாங்கிக்கொண்டான்.

"கொஞ்சம் மேளத்தை நிறுத்துங்க," என்றார் நர்ஸம்மா. "என் கையும் சேந்து ஆடுது."

மேளம் நின்றது.

ஊசி இறங்கியது. நிறைமதி வீறிட்டாள். கோமதி குனிந்து ஒரு முத்தம் கொடுத்தாள். பிள்ளைக்கு அதற்குள் நர்ஸம்மாவின் சட்டைப்பையிலிருந்த பேனா கண்ணில் பட்டுவிட்டது. அழுகையை அப்படியே விட்டுவிட்டு அதைப் பிடிக்கக் கை நீட்டியது.

ஆனால் அழுகைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூணைக் கட்டிக்கொண்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார் சொரிமுத்து. சந்தோஷமா, பயமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வேலாண்டி திகைத்துப்போய்ச் சாமியம்மாவைப் பார்த்தான்.

"பிள்ளையை அம்மாகிட்டக் குடுங்க தம்பி," என்றார் சாமியம்மா. "அண்ணாச்சியைத் தூக்கி மடியில வைங்க."