இடது கன்னத்துப் புளியம்பழம்

குரங்கு தன் கன்னப்பையில் அடக்கி வைப்பதெல்லாம் நாளைய தேவைக்கு என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் திருத்தாமல் விடுவது பாவம். அது நாளைக்கு அல்ல. அடுத்த அரை மணிக்கு.

கோமளம் என்ற குரங்குக்கும் இது தெரியவில்லை.

கோடையில் அந்தக் காட்டின் ஆறு வற்றிப் போகும். பெரியநாயகி என்ற கிழ யானை மணலைத் தோண்டி ஊற்று எடுப்பாள். ஊற்றில் குடிக்கும் குடும்பம் பௌர்ணமிதோறும் பத்துப் புளியம்பழம் கொடுக்க வேண்டும். குரங்குக் கூட்டத்திலோ ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று பழம்தான் பங்கு.

கோமளம் யோசித்தாள். 'வலது கன்னம் சாப்பாட்டுக்கு. இடது கன்னம் ஊற்றுக்கு!' பத்து நாள் முன்பிருந்தே தினம் ஒரு பழத்தை ஓடு நீக்கி இடது கன்னத்தில் ஒதுக்கினாள். ஏற்பாடு அவளுக்கே பெருமையாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. மடியில் குட்டியோடு யானை முன் போய் இடது கன்னத்தைக் காலி செய்தாள். மூன்று பழமும் ஒரு பிடி கொட்டையும் விழுந்தன.

"என்னடி கோமளம் இது?"

"பத்துதான் வச்சேன் பெரியம்மா! சத்தியமா!"

"போன மாசமும் இதையே சொன்னே. நான் பேசாம இருந்தேன். மணல் தோண்ட எனக்கும் வயிறு நிறைய வேண்டாமா?" யானை குட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இந்த மாசமும் குடிச்சுக்கோ. அடுத்த பௌர்ணமிக்கும் குறைஞ்சா, நீ மடுவுக்குத்தான் போகணும்."

மடுவில் தண்ணீர் உண்டு. முதலையும் உண்டு. கோமளம் குட்டியை இறுக்கிக்கொண்டாள்.

கரையோரப் பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இருளப்பன் என்ற உடும்பு.

"எங்கே வச்சிருந்தே, தங்கச்சி?"

"இடது கன்னத்துல, அண்ணே. செலவுக்கு வலது."

"ரெண்டும் ஒரே வாய்க்குள்ளதானே திறக்குது!"

கோமளம் நாக்கால் இடப்பக்கமும் வலப்பக்கமும் தடவிப் பார்த்தாள். உண்மைதான்.

"என் பொந்துல போடு. எனக்கு முட்டைதான் சாப்பாடு, புளியை நினைச்சாலே பல் கூசும். ஆனா ஒண்ணு, பௌர்ணமிக்கு முன்னால கேட்கக் கூடாது!"

"நான் ஏன் அண்ணே கேட்கப்போறேன்?"

அடுத்த நாளிலிருந்து கையில் பங்கு விழுந்ததும், தான் ஒரு வாய் தின்னுமுன்பே, ஒரு பழத்தைக் கொண்டுபோய்ப் பொந்தில் போட்டாள். ஆறாம் நாளே ஓடி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு! நாத்தனார் வந்திருக்கா!"

"வலது கன்னத்திலிருந்து கொடு."

"அது காலி!"

"அப்போ சிரிச்சுப் பேசி அனுப்பு."

கோமளம் பொந்துக்குள் கையை விட்டாள். இருளப்பன் உடம்பை உப்பிக்கொண்டு வழியை அடைத்தான். வாலைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. பிடித்த பிடியை விட்டால் அவன் உடும்பே அல்ல.

"பிளந்த நாக்குக்காரா! என் பழத்தை எனக்கே தரமாட்டியா?"

"அது உன் பழம் இல்லை, தங்கச்சி. நீ குடிச்ச தண்ணி!"

கோமளம் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஆனால் பழம் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. பத்துப் பழம் சேர்ந்த பிறகுதான் மூன்றையும் தானே தின்றாள்.

பௌர்ணமி அன்று இருளப்பன் கேட்காமலே வழிவிட்டான். பெரியநாயகி தும்பிக்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்து! நம்பாமல் மறுபடி எண்ணினாள். பத்தேதான்.

"குட்டியை இறக்கி விடுடி, குடிக்கட்டும்!" என்றாள்.

குட்டி காது நனையக் குடித்தது.

கட்ட வேண்டிய பணத்தை, செலவு செய்யும் கை எட்டாத தனி இடத்தில் முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை பொந்தின் வாசலில் பதினான்கு குரங்குகள் பழத்தோடு நின்றன. இருளப்பன் தான் போய்வரப் பின்பக்கம் வேறொரு வழி தோண்டிக்கொண்டான்.