களத்து வாசலில் ஒரே கேள்வி

கீர்த்திவளவன் ஆண்ட நாட்டில் பாடசாலைகளைப் படிப்புக்காகத்தான் கட்டினார்கள். பிறகு சடுகுடு வந்தது.

வடகரைப் பாடசாலைக்கும் தென்கரைப் பாடசாலைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை ஆட்டம். ஜெயித்தவர்களுக்கு ஒரு வாழைத்தார். தோற்றவர்களும் அதில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். குபேரமூர்த்தி என்பவர் களத்து அதிகாரியாக வந்தபின் எல்லாம் சீர்பட்டது. களத்தைச் சுற்றிச் சுவர் எழும்பியது. உள்ளே போக ஒரு சீட்டு, உட்கார ஒரு சீட்டு, நிழலில் உட்கார இன்னொரு சீட்டு. பாடிப் போகிறவன் "சடுகுடு சடுகுடு" என்று மூச்சை வீணாக்குவானேன்? "வெங்கிடப்பன் நெய், வெங்கிடப்பன் நெய்" என்று பாடச் சொன்னார். நெய் வியாபாரி அதற்குப் பொன் கொடுத்தார். ஆட்டம் பழக்கும் வாத்தியார் பல்லக்கில் போனார். இலக்கண வாத்தியார் அந்தப் பல்லக்குக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தார்.

ஆடுகிற பிள்ளைகளுக்குக் காலையில் கூழ், இரவில் சோறு. அது மட்டும் மாறவில்லை.

வடகரையின் முதல் ஆட்டக்காரன் வேம்பன். ஒரு நாள் பயிற்சியில் நெய்யைப் பாடிக்கொண்டே போனவன் முழங்கால் திருகி விழுந்தான். ஆடாதவனுக்குச் சோறு எதற்கு என்று பாடசாலை அவன் இலையை எடுத்துவிட்டது. உடனே கட்டுப் போடாவிட்டால் ஆயுசு முழுக்க நொண்டிதான் என்றார் வைத்தியர். கட்டுக்கும் தைலத்துக்கும் அவர் கேட்ட தொகையை வேம்பனின் அப்பா கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து அரண்மனைக்கு வந்தார்கள். ஆட்டத்தில் வரும் பணத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார்கள். அவையில் விகடம் பேசிப் பிழைக்கும் அம்பலவாணன்தான் அவர்களை உள்ளே அழைத்து வந்தவன்.

குபேரமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டார். "மகாராஜா, இவர்கள் மாணவர்கள். ஆட்டத்தின் மேலுள்ள ஆசையால் ஆடுகிறார்கள். காசைக் காட்டினால் கூலிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அப்புறம் பாடசாலை ஏது, பெருமை ஏது?"

"கால் போனவனுக்குக் கட்டுப் போடுவதும் கூலியா, ஐயா?" என்று கேட்டான் அம்பலவாணன்.

"அங்கேதான் ஆரம்பிக்கும்."

வேம்பன் ஒற்றைக் காலில் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். மன்னரோ சின்ன வயதில் அந்த வாழைத்தாருக்காக ஆடியவர். காசு கலக்காத ஆட்டம் என்றதும் அவருக்கு மனசு இளகிவிட்டது. குபேரமூர்த்தி தயாராக எழுதிவந்திருந்த ஆணையை வாங்கி முத்திரை வைத்தார்: 'இந்த ஆட்டத்தால் காசு பெறும் எவரும் களத்துக்குள் கால் வைக்கலாகாது.'

"வாசல் காவலை அம்பலவாணனுக்கே கொடுங்கள், மகாராஜா. பிள்ளைகள் மேல் அவருக்குத்தான் பாசம் அதிகம்" என்றார் குபேரமூர்த்தி.

"அப்படியே ஆகட்டும். ஒருவர் தப்பி உள்ளே போனாலும் உன் பதவி போச்சு, அம்பலவாணா."

"உத்தரவு, மகாராஜா. எவரும் என்றால் எவரும்தானே?"

"எவரும்தான்."

ஆட்டத்தன்று அம்பலவாணன் வாசலில் நின்றான். வந்தவர்களிடம் ஒரே கேள்வி கேட்டான். "ஆட்டத்தால் உங்களுக்குக் காசு வருகிறதா?"

"கூழ் வருது, ஐயா" என்றார்கள் பிள்ளைகள். உள்ளே போனார்கள். வேம்பன் கோல் ஊன்றி வந்தான். "கூழும் நின்னு போச்சு, ஐயா." அவனும் உள்ளே போனான்.

மோர் விற்பவர் வெளியே நின்றார். ஆட்டத்தால் நெய் விற்றுக் காசு பார்த்த வியாபாரியும் வெளியே நின்றார். சீட்டுக் கிழிப்பவன் வெளியே நின்றதால் சீட்டுக் கேட்க ஆளில்லாமல் ஊரே சும்மா உள்ளே போனது. ஆட்ட வாத்தியார் பல்லக்கில் வந்தார்.

"பல்லக்கு உள்ளே போகலாம்" என்றான் அம்பலவாணன். "அது காசு வாங்குவதில்லை. நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள்."

குபேரமூர்த்திக்கு முகம் சிவந்தது. "இந்த ஆணையை எழுதியதே நான்தானய்யா."

"நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு விளக்கவேண்டிய வேலை மிச்சம்."

கடைசியில் மன்னர் வந்தார். அம்பலவாணன் கும்பிட்டான். வழி மட்டும் விடவில்லை.

"என்ன இது?"

"சீட்டு வசூலில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்கு வருகிறது, மகாராஜா."

கூட நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மன்னர் மீசையைத் தடவினார். "அப்படியென்றால் நான் எங்கிருந்து பார்ப்பது?"

"சுவரை ஒட்டி ஒரு புளியமரம் இருக்கிறது. குபேரமூர்த்தி ஏற்கெனவே ஏறிவிட்டார்."

மன்னர் மரத்தைப் பார்த்தார். கிளையில் பட்டு வேட்டி தெரிந்தது. உள்ளே கோலூன்றி நின்ற வேம்பனையும் பார்த்தார்.

"சரி. வருகிற பணத்தில் ஆடுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. வேம்பனுக்கு இன்றைக்கே அரண்மனை வைத்தியர். மற்றதை நாளை முரசறையச் சொல்கிறேன். இப்போது வழி விடு."

"முரசறைவது நாளைக்கு, மகாராஜா. என் பதவி போவது இன்றைக்கு."

மன்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறினார்.

ஆட்டம் நடந்தது. நெய்ப் பாட்டுக்குக் காசு கொடுப்பவர் வெளியே நின்றதால் பிள்ளைகள் "சடுகுடு" என்றே பாடினார்கள். மன்னருக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் பாதி ஆட்டத்தில், வாசலுக்கு உள்ளே நின்றவனிடம் சுவருக்கு மேலாகக் குனிந்து கேட்டார். "அம்பலவாணா, காசு கைக்கு வந்தபின் இந்தப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டால்? ஆட்டம் நிலைக்குமா?"

"தெரியவில்லை, மகாராஜா. இத்தனை வருஷம் அந்தக் காசை வாங்கியவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?"

குபேரமூர்த்தி கிளையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மன்னர் மரம் குலுங்கச் சிரித்தார். இடுப்பிலிருந்த பொன்முடிப்பை அவிழ்த்துக் கீழே போட்டார். "இந்த ஆட்டத்துக்கு உன் பரிசு. பிடி."

அம்பலவாணன் பிடித்தான். மடியில் செருகிக்கொண்டான். வாசலைச் சாத்திவிட்டு வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், மகாராஜா."