சைவப் பூனை

கடலூர் முதுநகருக்கு வெளியே, உப்பனாற்றங்கரையில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் பெயர் மெய்யம்மை. வயது நாற்பத்தொன்று. அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவரை அம்மை என்றே சொன்னார்கள். இல்லத்தில் இரண்டே விதிகள். விடியுமுன் எழ வேண்டும். புலால் உண்ணக் கூடாது.

வைத்திலிங்கம் அங்கே வந்தபோது அவருக்கு அறுபத்து நாலு வயது. திருப்பாதிரிப்புலியூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமளா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. கூடைக்குள் ஒரு பூனை.

"கோமளா வளர்த்தது. விட்டுட்டு வர மனசு வரல," என்றார்.

"பேர் என்ன?" என்று கேட்டார் அம்மை.

"சுக்கு. ஒன்பது வருஷமா எங்க வீட்டுல இருக்கு. சுத்த சைவம் அம்மா. பால், தயிர் சாதம். வேற எதையும் தொடாது."

அம்மை பூனையைப் பார்த்தார். சுக்கு நிறம், பளபளப்பான முடி, தெளிவான கண்கள். தெற்கு ஓரத்து அறையைக் கொடுத்தார்.

வைத்திலிங்கம் அந்த அறை ஜன்னலுக்கு வலை அடித்தார். பல்லி, பறவை எதுவும் உள்ளே வரக் கூடாது, சுக்குவும் வெளியே போகக் கூடாது என்பது அவர் எண்ணம். இல்லத்துக்கு வருகிறவர்களிடம் பூனையைக் காட்டுவார்.

"ஒன்பது வருஷம். ஒரு மீன் முள்ளு கூடக் கடிச்சதில்ல. பழக்கத்துல எல்லாம் இருக்கு," என்பார்.

வந்தவர்கள் வியந்து போவார்கள்.

ஒரு வருஷம் போயிற்று. சுக்கு மெலிந்தது. முடி உதிர்ந்து முதுகெலும்பு தெரிந்தது. தயிர் சாதத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வைத்திலிங்கம் கெஞ்சுவார். கையில் எடுத்து ஊட்டுவார். இரண்டு வாய் வாங்கும்.

"கோமளாவை நினைச்சு ஏங்குது," என்று அம்மையிடம் சொன்னார்.

"இருக்கலாம்," என்றார் அம்மை.

இன்னும் இரண்டு மாதத்தில், அறையின் நடுவில் எப்போதும் இருக்கும் தண்ணீர்க் குடத்தில் சுக்கு போய் முட்டிக்கொண்டது. மறுநாள் கதவில் முட்டியது. வைத்திலிங்கம் பயந்து போனார்.

சத்துக் குறைவாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் செல்போனில் தேடி ஒரு பை வரவழைத்தார். வெளிநாட்டுச் சரக்கு. சைவப் பூனைகளுக்கென்றே செய்தது என்று போட்டிருந்தது. பையின் மேல் ஒரு வெள்ளைப் பூனை தாமரைப் பூவில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தது. ஒரு பை விலைக்கு இல்லத்துக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம்.

அதைத் தட்டில் கொட்டி வைத்தார். சுக்கு ஒருமுறை முகர்ந்தது. பிறகு சுவர் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

அம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைவிட நல்ல தீனி கிடையாதாம் அம்மா. விலையைப் பார்த்தாலே தெரியும். இதையும் தொட மாட்டேங்குது. இதுக்கு மேல நான் எதை வாங்குறது?"

அம்மை பையைக் கையில் எடுத்துப் படத்தைப் பார்த்தார்.

"யாருக்கு வாங்கினீங்க?"

"சுக்குவுக்குத்தான்."

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் அம்மை.

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூடையை எடுங்க. டாக்டர்கிட்டப் போவோம்," என்றார் அம்மை.

ஆட்டோவில் போனார்கள். கால்நடை மருத்துவர் ரெஜினா இளம்பெண். பூனையின் கண்ணில் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்ன கொடுக்கிறீங்க?"

"தயிர் சாதம். பால்."

"எவ்வளவு நாளா?"

"பத்து வருஷமா."

மருத்துவர் நிமிர்ந்தார். "இருக்காது சார்."

"நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. வெறும் தயிர் சாதத்துல பூனை இத்தனை வருஷம் நல்லா இருக்க முடியாது. டாரின்னு ஒரு சத்து வேணும். அது இறைச்சியிலயும் மீன்லயும்தான் இருக்கு. அது இல்லேன்னா கண்ணு போகும், இதயம் பலவீனமாகும். இதுக்கு ரெண்டும் தொடங்கியிருக்கு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் யாரோ ஒழுங்காக் கொடுத்திருக்காங்க."

வைத்திலிங்கத்துக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டுல யாரும் கொடுத்திருக்க முடியாது."

அவர்கள் கொண்டுவந்த தீனிப் பையை மருத்துவர் திருப்பி, பின்பக்கம் படித்தார். "சோளம், பட்டாணி, பூசணி. சார், படத்தைப் பார்க்காதீங்க. விலையையும் பார்க்காதீங்க. பின்பக்கம் படிங்க. முதல்ல கோழின்னோ மீனுன்னோ எழுதியிருக்கணும். முழுச் சத்துணவுன்னு போட்டிருக்கணும். டாரின் இருக்கணும். அப்படிப்பட்டது இதுல கால்வாசி விலைக்குக் கிடைக்குது. கூடவே மத்தி மீனை உப்புப் போடாம அவிச்சு, முள்ளு எடுத்துக் கொஞ்சம் கொடுங்க. மீன் மட்டுமே போதாது. ரெண்டும் சேரணும்."

"கண்ணு திரும்பி வருமா?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். இதயம் தேற வாய்ப்பு இருக்கு. மாத்திரையும் தர்றேன்."

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் தீனியையும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆட்டோவில் ஏறியதும் வைத்திலிங்கம் கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"ஒரு உயிரைக் காப்பாத்த தினமும் வேற உயிரைக் கொல்றதா? எந்த நியாயம் இது?"

"இந்தக் கேள்வி உங்களுதா, சுக்குவுதா?"

அவர் யோசித்தார். "என்னுது."

"அப்ப அது உங்ககிட்டயே இருக்கட்டும். நல்ல கேள்விதான். சுக்கு பசியா இருக்கு." அம்மை ஆட்டோக்காரரிடம் குனிந்து சொன்னார். "மீன் மார்க்கெட்டுக்கு விடுங்க."

வைத்திலிங்கம் அந்த வாசலை மிதித்ததே இல்லை. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மை காவிப் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் நடந்து உள்ளே போனார். கூடையோடு அவரும் பின்னால் போனார். மீன் விற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதல் வரிசையில் அகலமான பலகையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் அம்மை நின்றார்.

"பூனைக்கு மத்தி வேணும். எனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பெண் சிரித்தாள். "தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, உங்களை ஏமாத்த முடியாது. இங்க பாருங்க. கண்ணு தெளிவா இருக்கணும். செவுளைத் தூக்கினா செவப்பா இருக்கணும். அமுக்கினா குழி விழக் கூடாது. பெரிய மீனெல்லாம் எதுக்கு? பூனைக்கு மத்திதான் நல்லது, விலையும் கம்மி."

அப்போது கூடைக்குள் சுக்கு கத்தியது. மாதக்கணக்கில் அது அப்படிக் கத்தியதில்லை. கூடையை உள்ளிருந்து பிறாண்டியது.

அந்தப் பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கூடை, அதன் மூடி இடுக்கில் தெரிந்த முகம், கூடையைப் பிடித்திருந்த ஆள்.

"அடேய் தொரை!" என்று எழுந்துவிட்டாள். "என்னடா இப்படி எலும்பாப் போயிட்டே! சார், நீங்க கோமளம்மா வீட்டுக்காரருதானே?"

வைத்திலிங்கம் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பூங்காவனம். இவனை நான் தொரைன்னுதான் கூப்பிடுவேன். உங்க தெருவுலதான் கூடை தூக்கி விப்பேன். நீங்க ஸ்கூலுக்கோ லைப்ரரிக்கோ போற நேரம் பார்த்துத்தான் உள்ள வருவேன். அந்த அம்மா அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாங்க. எங்க வீட்டுலயே அவிச்சு, டப்பால போட்டு எடுத்துட்டு வருவேன். கொல்லையில வேப்பமரத்தடியில உட்கார்ந்து பிச்சுப் பிச்சுப் போடுவாங்க."

வைத்திலிங்கம் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

பூங்காவனம் அவசரமாகச் சொன்னாள். "அவங்க ஒரு துண்டு வாயில வச்சதில்ல சார். சத்தியம். நாத்தம் தாங்காம முந்தானையால மூக்கை மூடிக்கிட்டுத்தான் போடுவாங்க. முள்ளு இருக்கான்னு ஒவ்வொண்ணாத் தடவிப் பார்ப்பாங்க. அப்புறம் போய்க் குளிப்பாங்க. மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. உடம்புக்கு முடியாமப் போனப்ப, இதை யாரு பார்ப்பாங்கன்னு என்கிட்ட அழுதாங்க. நான் ரெண்டு தடவை வந்து பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது."

அவள் நாலு மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டு, கூடவே இன்னொன்றையும் வைத்தாள். "இது தொரைக்கு, நான் கொடுக்கிறது."

ஆட்டோவில் இல்லத்துக்குத் திரும்பினார்கள்.

இல்லத்துக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே, அம்மை மூன்று செங்கல்லை அடுக்கி அடுப்பு மூட்டினார். பழைய சட்டி ஒன்றில் மீனைப் போட்டார்.

"அம்மா, நீங்க தொடலாமா?" என்றார் வைத்திலிங்கம்.

"கை கழுவத் தண்ணி இருக்கு."

மீன் வெந்தது. ஆறியது. அம்மை முள் எடுக்க உட்கார்ந்தார். அவருக்குப் பழக்கமில்லை. சதையும் முள்ளும் சேர்ந்தே வந்தன. வைத்திலிங்கம் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்கி, மறுபடி குனிந்தார். ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

கடையில் வாங்கிய தீனியோடு பிசைந்து வைத்தபோது சுக்கு சாப்பிட்டது. தட்டின் விளிம்பு தெரியாமல் மோவாய் இடித்தது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசியில் தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே ஒரு அடி தூரம் போயிற்று.

அன்றிலிருந்து அவரே மார்க்கெட்டுக்குப் போனார். இல்லத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் நேராகவே அம்மையிடம் கேட்டார். "விதி என்ன ஆச்சு?"

"புலால் உண்ணக் கூடாதுன்னுதானே விதி? சாப்பிட்டீங்களா?" என்றார் அம்மை. கேட்டவர் போய்விட்டார்.

ஆறு வாரத்தில் முதுகெலும்பு மறைந்தது. கண் பார்வை திரும்பவில்லை. ஆனால் அதற்கு மேல் மங்கவுமில்லை. சுக்கு மீசையால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கக் கற்றுக்கொண்டது. குடத்தை வைத்திலிங்கம் மூலைக்கு நகர்த்திவிட்டார்.

பூனை தேறியது. அவர் தேறவில்லை. ஒருநாள் மாலை, சுக்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மை வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அவரிடம் வைத்திலிங்கம் கேட்டார்.

"சுக்கு வந்து ஒன்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம் அம்மா. ஒன்பது வருஷமும் என்கிட்ட மறைச்சிருக்கா. ஊரெல்லாம் சைவப் பூனைன்னு பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. இது பொய் இல்லையா?"

"சுக்கு என்ன சாப்பிடுதுன்னு அவங்களைக் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதில்ல."

"ஒரு தடவை கூடவா?"

"இல்ல. அது என்ன சாப்பிடுதுன்னு நான்தான் அவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அம்மை தலையசைத்தார். சுக்கு தட்டைவிட்டு நிமிர்ந்து, காற்றை முகர்ந்து, மறுபடி குனிந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்னு பார்த்தாங்க. சுக்குவுக்கு என்ன வேணும்னு பார்த்தாங்க," என்றார் அம்மை. "ரெண்டு பேருக்கும் அது அது கிடைச்சது."

வைத்திலிங்கம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு என்ன வேணும்னு..." என்று தொடங்கினார்.

அவரால் முடிக்க முடியவில்லை. அம்மை அதை முடித்துக் கொடுக்கவும் இல்லை.